நிற்கத் தெரிந்த ஐந்து பேர்

ஓர் அலுவலக அறைக்கு வெளியே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். முதலாளி உள்ளே இருக்கிறார். எப்போது வருவார் என்று தெரியாது. அதுவரை இவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இடத்தை விட்டு நகரவும் முடியாது. தரையில் கசக்கிய காகித உருண்டை ஒன்று. ஒருவர் அதைக் காலால் லேசாகத் தட்டிவிடுகிறார். அது இன்னொருவரின் ஷூவுக்கு முன்னால் போய் நிற்கிறது. அவர் அதை அடுத்தவருக்குத் தள்ளுகிறார். கொஞ்ச நேரத்தில் ஐந்து பேரும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். கோட்டு போட்ட, இடுப்பில் துப்பாக்கி வைத்த ஐந்து ஆண்கள், பள்ளிக்கூடத் தாழ்வாரத்துப் பையன்களைப் போல. ஒரு வார்த்தை பேச்சு இல்லை. முதலாளி வெளியே வந்ததும் ஆட்டம் முடிகிறது, மறுபடி மெய்க்காப்பாளர்களாகிவிடுகிறார்கள்.

ஜானி டோ இயக்கி 1999-இல் ஹாங்காங்கில் வெளிவந்த ‘தி மிஷன்’ படத்தின் காட்சி இது. துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன கான்டோனீஸ் (ஹாங்காங்கில் பேசும் சீன மொழி) குற்றப்படம்தான். ஆனால் இந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் வருவது இந்தக் காகிதப் பந்துதான். கதையை இது ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை. ஆனால் பின்னால், இந்த ஐவரில் ஒருவன் இன்னொருவனைக் கொல்ல வேண்டும் என்று உத்தரவு வரும்போது நம் வயிற்றைப் பிசைகிறதே, அதற்குக் காரணம் இந்தக் காட்சிதான்.

இந்தப் படத்தை நான் பல தடவை பார்த்தாயிற்று. இயக்குநரைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது அவரைச் சுற்றி நின்ற ஆட்களைப் பற்றி. நடித்தவர்கள், ஒளிப்பதிவு செய்தவர், எழுதியவர், இசை போட்டவர். இவர்களில் முக்கால்வாசிப் பேர் அதுவரை படங்களின் ஓரத்திலேயே நின்று பழகியவர்கள். கதாநாயகனிடம் அடி வாங்குபவர்கள், வில்லனுக்குப் பின்னால் நிற்பவர்கள், கேமராவுக்கு இந்தப் பக்கம் சாமான் தூக்கியவர்கள். அப்படிப்பட்டவர்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதுதான் ‘தி மிஷன்’.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லங் என்ற ட்ரையட் (ஹாங்காங் நிழலுலகக் கும்பல்) தலைவரைக் கொல்ல யாரோ முயல்கிறார்கள். அவருடைய தம்பி ஃபிராங்க், ஐந்து பேரைக் கூட்டி அண்ணனுக்குக் காவல் வைக்கிறார். அந்த உலகத்தை விட்டு ஒதுங்கி முடிதிருத்தும் கடையோடு இருக்கும் கர்ட்டிஸ், ராய், அவனோடு கூடவே இருக்கும் இளையவன் ஷின், மைக், ஆயுதங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜேம்ஸ். ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் ஒட்டவில்லை. ஒரு தாக்குதலில் கர்ட்டிஸ் முதலாளியைக் காப்பாற்ற, ராயை அங்கேயே விட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிறகு ராய் வந்து அவனை அடிக்கிறான். அவன் வாங்கிக்கொள்கிறான். அப்படியே மெல்ல மெல்ல ஒரு குழுவாகிறார்கள். யார் கொல்லப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்து அந்த வேலை முடிந்ததும், ஷின் முதலாளியின் மனைவியோடு பழகிவிட்டான் என்பது வெளியே வருகிறது. அவனைக் கொல்லும் பொறுப்பு கர்ட்டிஸ் தலையில் விழுகிறது. அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம்.

செலவு 25 லட்சம் ஹாங்காங் டாலர். படப்பிடிப்பு மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. முழுத் திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கவும் இல்லை. ஒரு குற்றப்படத்துக்கு, அதுவும் ஹாங்காங்கில், இது ரொம்பக் குறைந்த காசு.

அந்தக் காசுக்கு ஏன் எடுக்க வேண்டியிருந்தது என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய சரிவு இருக்கிறது. 90-களின் தொடக்கத்தில் அந்தச் சின்ன நகரம் வருடத்துக்கு இருநூறு படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. தைவான் விநியோகஸ்தர்கள் படம் தொடங்கும் முன்பே பணம் கொடுத்து வாங்கினார்கள். பிறகு அந்தப் பணம் வறண்டது. திருட்டு விசிடி வந்தது. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி. இயக்குநர் ஜான் வூ, நடிகர்கள் சௌ யுன்-ஃபாட், ஜெட் லீ என்று பெரிய தலைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். இருந்தவர்கள் எப்படியாவது வேலையை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜானி டோவும் இன்னொரு இயக்குநரான வாய் கா-ஃபாயும் சேர்ந்து மில்கிவே இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கியது 1996-இல், சரியாக இந்தச் சரிவின் நடுவில். ‘தி லாங்கஸ்ட் நைட்’, ‘எக்ஸ்பெக்ட் தி அன்எக்ஸ்பெக்டட்’ என்று முதல் இரண்டு மூன்று வருடங்களில் அவர்கள் தயாரித்த படங்கள் இருட்டானவை, நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே கதிதான் என்று சொல்லுபவை. விமர்சகர்களுக்குப் பிடித்தன. காசு வரவில்லை. 2000-இல் ஆண்டி லாவையும் சாமி செங்கையும் வைத்து ‘நீடிங் யூ’ என்ற காதல் நகைச்சுவைப் படத்தை எடுத்து, அது ஓட்டமாக ஓடிய பிறகுதான் நிறுவனம் மூச்சு விட்டது. ‘தி மிஷன்’ அதற்குச் சற்று முன்னால், கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில் வந்த படம். நட்சத்திரம் வைக்கக் காசு இல்லை. சரி, தெரிந்த ஆட்களை வைத்து எடுப்போம்.

அந்தத் தெரிந்த ஆட்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அந்தோணி வோங். கர்ட்டிஸாக நடித்தவர். 1992-இல் ஜான் வூவின் ‘ஹார்ட் பாயில்ட்’ படத்தில் மருத்துவமனையையே பிணக்காடாக்கும் வில்லன் இவர்தான். அடுத்த வருடம் ‘தி அன்டோல்ட் ஸ்டோரி’யில் ஒரு குடும்பத்தையே கொன்றுபோட்ட உணவகக்காரன். ஹாங்காங்குக்குப் பக்கத்தில் உள்ள மக்காவோவில் நடந்த நிஜக் கொலைகளை வைத்து எடுத்த, பார்க்கவே கூசும் படம். அதற்கு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். ‘பீஸ்ட் காப்ஸ்’ படத்துக்காக 1999-இல் இரண்டாவது முறையும் வாங்கினார். இரண்டு தடவை சிறந்த நடிகர், ஆனாலும் அந்த ஊர் சினிமாவில் ‘ஹீரோ’ என்று அவரை யாரும் வைத்துப் பார்க்கவில்லை. அப்பா ஆங்கிலேயர், மகன் சிறு பையனாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போனவர். அம்மாதான் வளர்த்தார். முகத்தில் அந்தக் கலப்பு தெரியும். சின்ன வயதில் அதற்காகவே மற்ற பையன்களிடம் நிறையப் பட்டிருக்கிறார். நடிக்க வந்த பிறகு, கொலைகாரன் வேடம் என்றால் இவரைக் கூப்பிடு என்றாகிவிட்டது.

‘தி மிஷன்’ படத்தில் இந்த மனிதர் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை. கண் ஒரு பக்கம் பார்க்கும், தலை மெல்லத் திரும்பும். ராய் வந்து அடிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். கோபம் இல்லை, பரிதாபம் தேடும் பாவனையும் இல்லை. செய்தது சரிதான், ஆனாலும் நீ அடிக்க உனக்கு உரிமை உண்டு என்கிற ஒரு பொறுமை. ‘தி அன்டோல்ட் ஸ்டோரி’யில் கண்ணை உருட்டிக் கத்திய அதே முகமா இது என்று இருக்கும்.

ராயாக வரும் பிரான்சிஸ் இங்கும் அப்படித்தான். தொலைக்காட்சியில் வில்லனாக வளர்ந்து, 1996-இல் ‘யங் அண்ட் டேஞ்சரஸ்’ படத்தில் அட்டகாசம் செய்யும் ட்ரையட் ரவுடியாக வந்து பெயர் வாங்கினார். அந்தப் பாத்திரம் செத்துப்போன பிறகும் மக்கள் விடவில்லை. அவரை வைத்து அதே சாயலில் தனிப் படமே வந்தது. எதையும் மிகையாகச் செய்வதுதான் அவர் பாணி. ‘தி மிஷன்’ படத்தில் அந்த மிகையையெல்லாம் உள்ளே அடக்கி மூடி வைத்திருக்கிறார். அது எப்போது வெளியே வருமோ என்று நமக்கு உதைப்பாக இருக்கும். தன் ஆள் ஷின்னைக் காப்பாற்ற ஓடும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் கொஞ்சம் திறந்து காட்டுகிறார். தைவானின் கோல்டன் ஹார்ஸ் விருதுகளில் 2000-ஆம் வருடச் சிறந்த நடிகர் விருது இதற்குத்தான் கிடைத்தது. ஐந்து பேர் சேர்ந்து நடித்த படத்தில் ஒருவருக்கு மட்டும் விருது என்பதில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. ஆனால் யாருக்காவது ஒருவருக்கு என்றால் இவருக்குத்தான் என்பதையும் மறுக்க முடியாது.

மைக் வேடத்தில் ராய் சியுங். (படத்தில் ராய் என்ற பாத்திரம் வேறு, ராய் என்ற நடிகர் வேறு. முதல்முறை பார்ப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) இயக்குநர் ரிங்கோ லாமின் 80-களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இவரை மறக்க முடியாது. ‘பிரிசன் ஆன் ஃபயர்’ படத்தில் கைதிகளை நசுக்கும் அந்தச் சிறை அதிகாரி. திரையில் வந்தாலே யாருக்கோ ஆபத்து என்று தெரியும். இங்கே அவருக்கு வசனம் ரொம்பக் குறைவு. ஷின்னாக வரும் ஜாக்கி லூய் தொலைக்காட்சி ஆள். ஐவரில் வயதில் இளையவன், தெரியாத்தனமாக எல்லாரையும் சிக்கலில் மாட்டிவிடுபவன். மற்ற நால்வரைப் போல அவர் முகம் நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஒரு வகையில் அதுவும் பாத்திரத்துக்குப் பொருத்தம்தான்.

அப்புறம் லாம் சுவெட். இவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை.

சீனாவின் தியான்ஜினில் பிறந்தவர். ஹாங்காங்குக்கு வந்து படப்பிடிப்புத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நடிகராக இல்லை, தளத்து ஊழியராக. சாமான் நகர்த்துவது, அதைக் கொண்டுவா, இதைப் பிடி என்கிற வேலைகள். குண்டான உடம்பு, கன்னத்தில் பெரிய மச்சம், எப்போதும் ஏதோ நினைப்பில் இருப்பது போன்ற முகம். சின்னச் சின்ன வேடங்களில் நிற்க வைத்தார்கள். ஜானி டோ அவரை விடவில்லை. ‘தி மிஷன்’ படத்தில் ஐவரில் ஒருவராக, சிறந்த நடிகர் விருது வாங்கியவருக்குப் பக்கத்தில், அதே அளவு இடத்தில் நிறுத்தினார்.

ஜேம்ஸ் பாத்திரம் எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் பதற்றத்தில் இருக்கும்போதும் வாய் அசைந்துகொண்டே இருக்கும். துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்து, ஆளாளுக்கு எது சரிப்படும் என்று கொடுப்பதும் அவன்தான். நடிப்புப் பயிற்சியில் இதைச் சொல்லித்தர முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் தளத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு, கையில் இருக்கும் பொருளை எப்படிப் பிடிப்பது, வேலை வரும்வரை எப்படிக் காத்திருப்பது, வந்ததும் எப்படிச் சட்டென்று எழுவது என்பதெல்லாம் உடம்பிலேயே இருக்கும். சினிமாத் தளம் என்பதே முக்கால்வாசி நேரம் காத்திருப்பதுதானே. அந்தக் காகிதப் பந்துக் காட்சியில் லாம் சுவெட் இருக்கும் விதத்தில், சும்மா இருந்து பழகிய ஓர் உழைப்பாளியின் நிதானம் தெரிகிறது.

நான்கு வருடம் கழித்து ‘பி.டி.யூ’ படத்தில் ஜானி டோ கதையின் நடுவிலேயே அவரை வைத்தார். துப்பாக்கியைத் தொலைத்துவிட்டு இரவெல்லாம் தேடி அலையும் போலீஸ்காரர். ஸ்டீபன் சௌவின் ‘குங்ஃபூ ஹசில்’ பார்த்தவர்கள் கோடாரிக் கும்பலில் அவரைக் கவனித்திருப்பீர்கள்.

முதலாளி லங்காக வரும் எடி கோ பழைய ஆள். ‘லீத்தல் வெப்பன் 4’-இல்கூட முகம் காட்டியவர். தம்பி ஃபிராங்காக சைமன் யாம். மாடலாக இருந்து வந்தவர் என்பதால் கோட்டு அவருக்கு உட்காரும் விதமே தனி. குரலை உயர்த்தாமல் ஒருவனைக் கொல்லச் சொல்கிறார். அந்த மென்மைதான் பயமாக இருக்கிறது.

இன்னொருவர் உண்டு. கிழட்டுக் கொழுத்த ட்ரையட் ஆளாக வரும் வோங் டின்-லாம். அவரை நடிகர் என்று மட்டும் நினைத்துக் கடந்துவிடக் கூடாது. நூற்றுக்கு மேல் படங்கள் இயக்கியவர். 1960-இல் வந்த ‘தி வைல்ட், வைல்ட் ரோஸ்’ என்ற இசைப்படம் அவருடையதுதான். இயக்குநர் வோங் ஜிங்கின் அப்பா. பின்னாளில் டிவிபி தொலைக்காட்சிக்குப் போனார். அந்த நிறுவனத்தில்தான் பதினேழு வயது ஜானி டோ எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, கடைசியில் இவருக்கு உதவியாளரானார். வேலை கற்றுக்கொண்டது இவரிடம். அந்த வாத்தியாரைத்தான் சிஷ்யன், வயதான காலத்தில், தன் படத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து நடிக்க வைத்தார். ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்த படங்களிலும். 2005-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்ட ‘எலெக்‌ஷன்’ படத்திலும் ட்ரையட் பெரியவர்களில் ஒருவராக அவர் இருப்பார். 2010-இல் காலமானார். எனக்கு ஜானி டோவை நெருக்கமாக்கிய விஷயங்களில் இது ஒன்று.

இனி அந்த மால் காட்சி.

ஹாங்காங்கின் சுன் வான் பகுதியில் உள்ள ஒரு மாலில், இரவில் கடைகளெல்லாம் மூடிய பிறகு நடக்கும் காட்சி. ஐவரும் முதலாளியைக் கூட்டிக்கொண்டு போகும்போது தாக்குதல். இதே காட்சியை 80-களின் பாணியில் எடுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். இரண்டு கையிலும் துப்பாக்கி, பாய்ச்சல், ஸ்லோ மோஷன், நொறுங்கும் கண்ணாடி. ஜான் வூ அதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார், நான் அதை இன்றும் ரசிப்பவன்தான். ஜானி டோ இங்கே நேர் எதிராகச் செய்கிறார். ஐவரும் ஆளுக்கொரு இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் தூண் ஓரம், ஒருவர் தூரத்தில் எஸ்கலேட்டர் பக்கம். கை நீட்டியபடி, ஆளுக்கொரு திசையைப் பார்த்து. யாரும் ஓடுவதில்லை. எஸ்கலேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஓர் அசைவு. இரண்டு மூன்று குண்டு. மறுபடி அமைதி.

நான் சில காலம் ஒரு சிறிய நாடகக் குழுவில் இருந்தேன். மேடையில் வசனம் பேசுவது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை, மனப்பாடம் செய்துவிட்டால் பேசிவிடலாம். மற்றவர் பேசும்போது நிற்கிறோமே, அதுதான் கஷ்டம். கை இரண்டும் திடீரென்று யாருடைய கையோ போல் ஆகிவிடும். எங்கே வைப்பது என்று தெரியாது. உடம்பு லேசாக ஆடத் தொடங்கும். பார்ப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். எங்களுக்குச் சொல்லித்தந்தவர், கையைப் பற்றி யோசிக்காதே, கண்ணுக்கு ஒரு வேலை கொடு, கை தானாக அடங்கும் என்பார். செய்து பார்த்தால் உண்மைதான். ஏதோ ஒன்றை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பு அமைதியாகிவிடும்.

மால் காட்சியில் ஐவரின் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. ஒருவர் பார்க்கும் திசையை இன்னொருவர் பார்ப்பதில்லை. தன் முதுகுப்பக்கத்தை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் பார்க்கிறார்கள். அதனால்தான் அசையாமல் நிற்க முடிகிறது. கொஞ்ச நேரம் முன்பு வரை ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒரு குழு என்பதை, யாரும் தோளில் கை போட்டு வசனம் பேசாமல், நிற்கும் விதத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்தோணி வோங் ஹாங்காங்கின் நிகழ்த்துகலைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். லாம் சுவெட் சாமான் தூக்கி வந்தவர். இந்தக் காட்சியில் இரண்டு பேரும் நிற்பதில் எனக்கு ஏற்றத்தாழ்வு தெரியவில்லை.

இப்படி நிற்பவர்களைப் படம் பிடிக்க ஒருவர் வேண்டும். ஒளிப்பதிவாளர் செங் சியு-கியுங். அந்தக் காலகட்டத்திலிருந்து ஜானி டோவின் பெரும்பாலான படங்களுக்கு இவர்தான் கேமரா. ஐந்து பேரையும் ஒரே சட்டகத்துக்குள் வைப்பது சாதாரண விஷயம் இல்லை. கிட்டே இருப்பவர், நடுவில் இருப்பவர், தூரத்தில் இருப்பவர் என்று ஆழமாக அடுக்க வேண்டும், ஒருவர் மற்றவரை மறைக்கக் கூடாது, யார் எங்கே பார்க்கிறார் என்பது நமக்குப் புரிய வேண்டும். அது புரிந்தால்தான் ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்ற பதற்றம் வரும். இன்றைய பல சண்டைக் காட்சிகளில், யார் எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் வெட்டித் தள்ளிவிடுகிறார்கள். இங்கே மாலின் வரைபடத்தையே நாம் போட்டுவிடலாம்.

வெளிச்சத்தையும் பாருங்கள். மேலேயிருந்து விழும் ஒளி, ஆங்காங்கே ஒரு வட்டம், சுற்றிலும் இருட்டு. நகரத்தையே விளக்கு போட்டு நிரப்பக் காசு இல்லாத ஒரு குழு, தேவையான இடத்துக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்து மற்றதை இருட்டிலேயே விட்டால் அது ஒரு பாணியாகிவிடும். ‘பி.டி.யூ’ படத்தில் செங் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். அதில் ஹாங்காங்கின் சிம் ஷா சுய் பகுதித் தெருக்களே மேடையைப் போலத் தெரியும்.

இசை சுங் சி-விங். பெரிய வாத்தியக் குழு எல்லாம் இல்லை. கீபோர்டில் வாசித்த ஒரே ஒரு மெட்டு, மின்தாளத்தோடு, திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்கு அது மலிவாக ஒலிக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அந்த மெட்டு இல்லாமல் இந்தப் படத்தை யோசிக்கவே முடியாது. துள்ளலும் திமிரும் கலந்த ஓர் ஓட்டம் அதில் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும் ஆட்களின் நடைக்குப் பொருத்தமான தாளம். ஒரு தடவை கேட்டுவிட்டால் நாள் முழுக்க வாயில் ஓடும்.

எழுதியவர் யாவ் நாய்-ஹோய். முழுத் திரைக்கதை இல்லாமல் எடுத்த படத்துக்கு எழுத்தாளர் என்ன செய்தார் என்று கேட்கலாம். மில்கிவேயில் எழுத்து என்பது படப்பிடிப்போடு சேர்ந்தே நடக்கிற வேலை. என்னைக் கேட்டால் இந்தப் படத்தில் எழுத்தாளரின் பெரிய சாதனை, சொல்லாமல் விட்டவை. இந்த ஐவரும் முன்னால் யாராக இருந்தார்கள் என்று யாரும் கதை சொல்வதில்லை. கர்ட்டிஸ் ஏன் அந்த உலகத்தை விட்டுப் போனான்? தெரியாது. ஷின்னுக்கும் முதலாளியின் மனைவிக்கும் இடையே என்ன நடந்தது என்பதைக்கூடக் காட்டுவதில்லை. நட்பு என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. கடைசியில் ஓர் உணவகத்தில், முதலாளிக்குக் கொடுத்த வாக்குக்கும் கூட நின்றவனுக்கும் நடுவில் கர்ட்டிஸ் என்ன செய்கிறான் என்பதுதான் முடிவு. அதை இங்கே சொல்லப்போவதில்லை. பார்த்து முடித்ததும் ஒருமுறை பின்னால் ஓட்டி, துப்பாக்கியை யார் எப்போது தொட்டார்கள் என்று பாருங்கள். எழுத்து எங்கே இருந்தது என்று அப்போது தெரியும். யாவ் பின்னாளில் ‘எலெக்‌ஷன்’ படத்தின் எழுத்தாளர்களில் ஒருவர். ‘ஐ இன் தி ஸ்கை’ என்ற படத்தைத் தானே இயக்கி, சிறந்த புதுமுக இயக்குநர் விருதும் வாங்கினார்.

‘தி மிஷன்’ வசூலில் பெரிய கொண்டாட்டம் எதுவும் இல்லை. ஆனால் 2000-இல் ஹாங்காங் திரைப்பட விருதுகளிலும் கோல்டன் ஹார்ஸிலும் சிறந்த இயக்குநர் விருது இரண்டும் ஜானி டோவுக்கு வந்தன. கோல்டன் ஹார்ஸில் அந்த வருடம் சிறந்த படம் ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’. அவ்வளவு பெரிய படத்தோடு போட்டியிட்டு இந்தச் சின்னப் படம் இயக்குநர் விருதைத் தட்டிக்கொண்டு வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

2006-இல் கிட்டத்தட்ட இதே ஆட்கள் மறுபடி கூடினார்கள். ‘எக்சைல்ட்’. மக்காவோ போர்ச்சுகலிடமிருந்து சீனாவுக்குக் கைமாறும் நேரத்தில் நடக்கும் கதை. அந்தோணி வோங், பிரான்சிஸ் இங், ராய் சியுங், லாம் சுவெட், எதிர்ப்பக்கம் சைமன் யாம். புதிதாக நிக் சியுங். இதிலும் கையில் முழுத் திரைக்கதை இல்லை. வெனிஸ் விழாவில் போட்டிக்குப் போனது. ‘எக்சைல்ட்’ இன்னும் அழகான படம், இன்னும் பணக்காரப் படம். துப்பாக்கிப் புகையே திரைச்சீலை போல மிதக்கும். ஆனால் அதில் அவர்கள் தாங்கள் யார் என்பதை அறிந்த நட்சத்திரங்கள். எனக்கு 1999-இன் வறட்சிதான் ஒரு படி மேல்.

ஜானி டோவுக்கு ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா மேல் இருக்கும் பக்தி ஊரறிந்தது. 2004-இல் வந்த ‘த்ரோ டவுன்’ படத்தை அவருக்கே காணிக்கையாக்கினார். காவலுக்கு ஆள் சேர்க்கும் கதை, அசையாமையிலிருந்து திடீரென்று வெடிக்கும் சண்டை என்று ‘தி மிஷன்’ படத்திலேயே அந்தப் பாடம் தெரிகிறது. தான் கற்றதை அடுத்தவர்களுக்குக் கொடுப்பதிலும் அவர் குறை வைக்கவில்லை. 2005-இலிருந்து ‘ஃப்ரெஷ் வேவ்’ என்ற குறும்படத் திட்டத்தின் மூலம் இளம் ஹாங்காங் இயக்குநர்களுக்குப் படம் எடுக்க வழி செய்துகொண்டிருக்கிறார். தன்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் கைபிடித்து ஏற்றிவிட்ட வாத்தியாருக்கு அவர் செய்த மரியாதையில் இதையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

அந்தோணி வோங்கின் கதை வேறு திசையில் போனது. 2014-இல் ஹாங்காங்கில் ஜனநாயகம் கேட்டு நடந்த குடை போராட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். அதன் பிறகு சீனப் பெருநிலத்தோடு சேர்ந்து எடுக்கும் படங்களில் அவருக்கு வாய்ப்பு இல்லாமல் போயிற்று. 2018-இல் ‘ஸ்டில் ஹியூமன்’ என்ற சின்ன பட்ஜெட் படத்தில், சம்பளம் வாங்காமல், சக்கர நாற்காலியில் முடங்கிப்போன ஒரு மனிதராக நடித்தார். அதற்கு 2019-இல் மூன்றாவது முறையாகச் சிறந்த நடிகர் விருது. படம் வந்த அந்த 2018-இல்தான், தன் அப்பாவின் மற்ற பிள்ளைகளை, தான் பார்த்தே இராத அண்ணன்மாரை, அறுபதை நெருங்கும் வயதில் சந்தித்தார். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. திரையில் எத்தனையோ கொலை செய்தவர், அந்தப் புகைப்படங்களில் சின்னப் பையனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். கான்டோனீஸ் ஒலியோடு, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். ஆங்கில டப்பிங் கிடைத்தாலும் வேண்டாம். பேச்சு குறைவான படம் என்பதால் பேசும் கொஞ்சமும் அவர்கள் குரலிலேயே இருக்க வேண்டும். ‘எக்சைல்ட்’ படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள், அந்த முகங்கள் மறுபடி கூடும்போது வரும் மகிழ்ச்சி போய்விடும். ‘தி மிஷன்’ முடித்துவிட்டு, பிடித்திருந்தால், லாம் சுவெட்டுக்காகவே ‘பி.டி.யூ’ பாருங்கள். அதையும் இரவில் பார்த்தால் நல்லது.